விளம்பரத் திரையின் பாட்டு

மகள் ஜப்பானில் ஒரு ரயில் நிலையக் கடையில் வேலை செய்கிறாள். தெல்லிப்பழைக்கு அவள் அழைக்கும்போதெல்லாம், கடைக்கு எதிரே உள்ள விளம்பரத் திரையின் பாட்டும் சேர்ந்து கேட்கும். பனியில் சறுக்கி விளையாட ரயிலேறச் சொல்லும் விளம்பரமாம். அங்கே எல்லோருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். எனக்கும்தான்.

குளிர்காலத்தில் ஒருநாள் அங்கே நிலம் நடுங்கியது. பின்னேரம் வரை அவள் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது பின்னால் பாட்டு இல்லை.

"ரயில் ஓடேல்லை அப்பா, வீட்டை நடந்து போறன்."

அன்றிலிருந்து அந்தப் பாட்டுக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது. என் போனிலும் இறக்கி வைத்துக் கேட்கிறேன்.

"உந்தப் பாட்டைப் போடாதேங்கோ! பிள்ளைதான் எடுக்கிறாள் எண்டு அடுப்பை விட்டிட்டு ஓடி வாறன்" என்று மனைவி ஏசுவாள்.

நேற்று மகள் அழைத்தபோது பின்னால் வேறேதோ பாட்டு.

"எங்கை பிள்ளை நிக்கிறாய்?" என்று கத்திவிட்டேன்.

"கடையிலைதான் அப்பா. பனி முடிஞ்சுது. இது பூப் பார்க்கப் போற ரயிலுக்குப் போடுற பாட்டு. நல்லாயிருக்கோ?"

"ஓம்" என்றேன். "வைச்சிடாதை பிள்ளை. முழுக்கக் கேட்டுப் பழகுறன்."