சாயம் என்றுதான் நினைத்தோம்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருப்பூர் அருள்புரத்துக்குப் பக்கத்தில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இன்னும் விலைபோகாமல் கிடந்த ஒரு காலி இடத்தில் நடந்தது. அதில்தான் எங்கள் ஆட்கள் ஃபுட்பால் ஆடுவார்கள். யார் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் படித்தால் அவர்களுக்கே தெரியும்.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் போட்டோ எடுப்பது என் வேலை. மனிதர்களை இல்லை, டிஷர்ட்டுகளை. வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு அனுப்ப ஒரு டிஷர்ட்டைப் படம் எடுத்தால் போதும். மற்ற நிறங்களைக் கம்ப்யூட்டரிலேயே மாற்றிவிடலாம். காலையில் சிவப்பாக இருக்கிற சட்டை மத்தியானத்துக்குள் நீலம், பச்சை, மஞ்சள் என்று எட்டு அவதாரம் எடுத்துவிடும். சுவரும் வெள்ளை, விளக்கும் வெள்ளை, சட்டை அசையவே அசையாது. இந்தச் சலிப்பு தாங்காமல்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு குண்டடம், கணியூர் என்று எங்கே கபடி நடந்தாலும் போய்விடுவேன். 'பொம்பளைப் பிள்ளைக்கு மைதானத்துல என்ன வேலை' என்று வீட்டில் கேட்காத ஆளில்லை. ஓடுகிற மனிதனைப் படம் எடுக்கிற சுகம் அவர்களுக்கு எங்கே தெரியும்?

அன்றைய மேட்ச் எங்கள் கம்பெனிக்கும் பக்கத்துக் கம்பெனிக்கும். மேனேஜர் முதல் நாளே வந்து, "ஏனுங்க, நாளைக்கு நம்ம டீம் ஆடறதக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துருங்க. காலண்டருக்குப் போட்டுக்கலாம்" என்று சொல்லியிருந்தார். டீமுக்குச் சட்டையும் அவர் ஏற்பாடுதான். குடோனில் சிவப்புத் துணி ரோல் ரோலாகக் கிடந்தது. துவைத்துப் பார்க்கிற டெஸ்டில் சாயம் நிற்காமல் பையர் வேண்டாம் என்று ஒதுக்கிய துணி. அதை வெட்டித் தைக்கச் சொல்லிவிட்டார். "சாயம் போகுமேங்க" என்று கட்டிங் மாஸ்டர் கேட்டதற்கு, "ஒரு நாளு போடறதுதானுங்க. யாரு தொவைக்கப் போறாங்க?" என்றார். நாங்களும் சிரித்தோம். அந்த மாதத்தில் மழை வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சட்டைகளைத் தைத்தவர்களில் ஒரு தம்பியும் இருந்தான். சாம்பிள் செக்‌ஷனில் டெய்லர். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்து ஊர், முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு திருப்பூர் வந்தவன். அவன் மனைவியும் எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். அவன் தைத்த சட்டைகள்தான் என் மேஜைக்கு வரும் என்பதால் தினமும் ஒரு தடவையாவது வந்து வம்பு பேசாமல் போகமாட்டான். அன்று ஆட்டம் தொடங்கும் முன்னால் என்னிடம் வந்தான்.

"அக்கா, எனக்குன்னு ஒரு படம் நல்லா எடுத்துத் தாங்க. ஊர்ல அம்மை கேட்டுக்கிட்டே கெடக்கா. கல்யாண போட்டோவ விட்டா நம்மகிட்ட ஐடி கார்டு போட்டோதான் இருக்கு. அதுல களவாணிப் பய மாதிரில்லா முழிக்கேன்."

"நீ நல்லா ஆடு சாமி, நான் நல்லா எடுக்கறேன்" என்றேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு மழை. கபடி என்றால் நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் நிறுத்தவில்லை, மழையில் ஆடுவதுதான் ஆட்டம் என்று இன்னும் வேகமாக ஓடினார்கள். என் பாடுதான் திண்டாட்டம். டிஷர்ட் பேக் பண்ணுகிற பாலிதீன் கவரில் ஓட்டை போட்டு லென்ஸை வெளியே நீட்டிக்கொண்டேன். கேமரா பைக்குள், அட்டைப்பெட்டிகளில் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை அள்ளிப் போட்டு வைத்திருந்தேன். லென்ஸைத் துடைக்க ஒரு கட்டு வேஸ்ட் பனியன் துணி. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் பஞ்சமில்லை. பஞ்சம் வெளிச்சத்துக்குத்தான். ஓடுகிறவனை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் வேகமாக விழ வேண்டும். வேகமாக விழுந்தால் படம் இருட்டு. வெளிச்சத்தை இழுத்துக் கூட்டினால் மணலைத் தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக வரும். ஃபிளாஷ் அடித்தால் மழைத்துளிதான் பளிச்சென்று விழும், மனிதன் விழமாட்டான். ஃபோகஸும் ஆளை விட்டுவிட்டு மழையைப் பிடித்துக்கொண்டது. திட்டிக்கொண்டே எடுத்தேன்.

அப்போதுதான் சட்டைகள் சாயம் விட ஆரம்பித்தன. முதலில் கழுத்து, கை. பிறகு வெள்ளை டவுசர்களில் கோடு கோடாக இறங்கிக் காலுறை வரைக்கும் சிவப்பு. மோதிய இடத்திலெல்லாம் எதிர் டீமின் மஞ்சள் சட்டையிலும் அப்பியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பீகார் பையன்கள் "ஹோலி! ஹோலி!" என்று குதித்தார்கள். மேனேஜர் குடைக்குள் நின்றபடி தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் அவருக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சிவப்பு படத்துக்கு அருமையாக இருந்தது. சாம்பல் வானம், சேறு, அதற்கு நடுவில் சிவப்பு.

பந்து நான் இருந்த மூலைக்கு வந்தது. கோட்டைத் தாண்டிப் போகிற பந்தைக் காப்பாற்ற அந்தத் தம்பி சேற்றில் சறுக்கிக்கொண்டே வந்தான். கோட்டுக்கு வெளியே புல் மண்டிய இடம் வரை போய் நின்றான். பந்தை உள்ளே தள்ளிவிட்டு, கையை ஊன்றி எழுந்து, என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். 'எடுத்தீயளா' என்று கேட்கிற சிரிப்பு. எடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் மழையில் நான் எடுத்த படங்களில் அதைவிட நல்ல படம் இல்லை. அவன் திரும்பவும் ஓடிப் போய் ஆடினான்.

அந்தப் புல்லுக்குள் எப்போதோ ஒரு விழாவுக்குப் பந்தல் போட்டவர்கள் அறுத்துவிட்டுப் போன இரும்புக் குழாய் ஒன்று தரையோடு தரையாக நீட்டிக்கொண்டிருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மழை இன்னும் வலுத்தது. இனிமேல் எடுத்தால் கேமரா போய்விடும் என்று ஓரத்தில் இருந்த டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினேன். எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அந்தச் சிரிப்புப் படத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதற்கு அடுத்து எடுத்தவற்றைத் தள்ளும்போதுதான் ஏதோ இடறியது. மழை வலுக்க வலுக்க எல்லோருடைய டவுசரும் வெளுத்துக்கொண்டு வந்தது. சிவப்பு கரைந்து இளஞ்சிவப்பாகி, சிலருக்கு வெள்ளையே தெரிந்தது. சாயம் என்றால் அப்படித்தானே ஆக வேண்டும்? இந்தத் தம்பியின் இடது காலில் மட்டும் படத்துக்குப் படம் சிவப்பு கூடிக்கொண்டே போனது. கடைசிப் படத்தில் அது கிட்டத்தட்டக் கறுப்பு.

முதலில் வெளிச்சத்தின் கோளாறு என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சிவப்பு சட்டையிலிருந்து இறங்கவில்லை, தொடையின் உட்பக்கத்திலிருந்து இறங்கியது. தலையை நிமிர்த்தினால், மைதானத்தின் நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். ரெண்டு பேர் அவன் காலைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தார்கள்.

கேமராவை அப்படியே கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஓடினேன். "ரத்தம்ங்க! அது ரத்தம்ங்க!" என்று கத்தினேன்.

"அட, சாயமுங்க மேடம்" என்றான் காலை நீவிக்கொண்டிருந்தவன். "கால் மரத்துப் போச்சாம். நரம்பு புடிச்சிருச்சு."

அந்தத் தம்பியும் அதையேதான் சொன்னான். "வலியெல்லாம் இல்லக்கா. ஒரே குளுரா இருக்கு. தல கிறுகிறுங்கு."

நான் மண்டியிட்டு அவன் தொடையின் உட்பக்கம் கையை வைத்தேன். மழை சில்லென்று இருந்தது. சேறு சில்லென்று இருந்தது. அவன் கை, கால், சட்டை எல்லாமே சில்லென்று இருந்தது. அந்த ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. இதை எழுதும்போதும் என் உள்ளங்கை அதை உணர்கிறது.

துணி எடுக்க வந்து நின்றிருந்த குட்டியானை லோடு வண்டியில் துணிக்கட்டுகளின் மேலேயே அவனைப் படுக்க வைத்தோம். கையில் கிடைத்த வேஸ்ட் துணியையெல்லாம் வைத்துத் தொடையை அழுத்திப் பிடித்தேன். மேனேஜர் குடையை எங்கேயோ போட்டுவிட்டு வந்து ஏறி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல கண்ணு" என்று வழி முழுக்க அதையே சொன்னார். மழையில் பல்லடம் ரோடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குக் கண் செருகிக்கொண்டு போனது. நடுவில் ஒருமுறை விழித்து, "அக்கா, படம் வந்துச்சா?" என்றான்.

"நல்லா வந்திருக்குது சாமி. பேசாம படுத்துக்க."

அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஆஸ்பத்திரியில் அவனை இறக்கியதும் நர்ஸ் பதறிவிட்டார். கழுத்து, மார்பு, வயிறு, கை எல்லாம் சிவப்பு. எங்கெங்கே அடி என்று தெரியாமல் மேலிருந்து துடைக்க ஆரம்பித்தார். "அதெல்லாம் சட்டைச் சாயமுங்க! அடி தொடையிலங்க, உட்பக்கம்!" என்று கத்தினேன். உள்ளே கொண்டு போனார்கள்.

அவன் மனைவிக்கு யாரோ போன் செய்து வரவழைத்திருந்தார்கள். அவன் போட்டிருந்த சட்டையை வெட்டி எடுத்து வெளியே ஒரு தட்டில் வைத்திருந்தார்கள், சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள்.

"எக்கா, இது பூராவும் ரத்தமா?"

"இல்ல கண்ணு, பாதிக்கு மேல சாயம்தான்" என்றேன்.

"அப்ப ரத்தம் எம்புட்டு?"

அங்கே, மைதானத்தில் அத்தனை பேரும் ரத்தத்தைச் சாயம் என்றோம். இங்கே அந்தப் பெண் சாயத்தையும் சேர்த்து ரத்தம் என்று பார்த்து நடுங்குகிறாள். இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. சற்று நேரத்தில் டாக்டரே வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டார். தொடையில் ஒரு ரத்தக்குழாய் கிழிந்திருந்ததாம்.

ஊருக்குக் கொண்டு போவதற்கு முன்னால் அவள் ஈரத்துணியில் சோப்புப் போட்டு அவன் மார்பைத் துடைத்தாள். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. துணியில் நிற்காத சாயம் அவன் உடம்பில் நின்றுவிட்டது. பெட்டியை மூடும்போதும் நகக்கண்ணில் சிவப்பு இருந்தது. மறுநாள் எதிர் டீம் பையன்கள் போய் அந்தக் குழாயைத் தோண்டி எடுத்துப் போட்டார்களாம். மேனேஜர் மீதித் துணியை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் அதற்குப் பிறகு என் அறைக்கு வருவதே இல்லை. காலண்டரில் அந்த வருஷம் முருகன் படம் போட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"எக்கா, அத்தை படம் கேக்காவ. அன்னிக்குக் காலையில அவுக போன்ல சொன்னாவளாம், கம்பெனியில அக்கா எடுத்துத் தருவாங்கன்னு."

எடுத்துக் காட்டினேன். கம்ப்யூட்டரில் அவன் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் திரையில் அவன் சட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தச் செவப்ப அத்தை பாக்க வேண்டாம். நீங்க சட்டைக்கெல்லாம் கலர் மாத்துவியல்லா? நீலமாக்கித் தருவியளா? அவுகளுக்கு நீலம்னா உசிரு."

ஆயிரம் சட்டைகளுக்கு நிறம் மாற்றியிருக்கிறேன். ஆள் போட்டிருந்த சட்டைக்கு அதுதான் முதல் தடவை. சட்டையை நீலமாக்கினேன். டவுசரை வெள்ளையாக்கினேன். இடது காலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். குழாய் கிழித்த மறுநொடியே எடுத்த படம் அது. சாயக் கோடுகளுக்குப் பக்கத்தில் மெல்லிசாக இன்னொரு கோடு அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது. அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். அதையும் வெள்ளையாக்கினேன்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. சட்டையின் சிவப்பு அவன் தாடைக்குக் கீழே லேசாக அடித்திருந்தது. நிறமுள்ள சட்டை எதுவாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பதன் மேல் அப்படி நிழலாக அடிக்கும், எங்கள் தொழிலில் அதைத்தான் முதலில் நீக்குவோம். அதை நீக்கினேன். நீக்கியதும் அவன் முகம் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த முகமாகிவிட்டது. அவசர அவசரமாக அந்தச் சிவப்பைத் திரும்பப் போட்டேன். சிரிப்புக்கு உயிர் வந்தது.

நீலச் சட்டையும் தாடையில் அந்தத் துளிச் சிவப்புமாக அவன் இப்போது கடலோரத்து வீட்டில் அவன் அம்மாவுக்கு எதிரே சிரித்துக்கொண்டிருக்கிறான். நான் இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்குப் போகிறேன், மழையிலும் எடுக்கிறேன். ஒரு நிறத்தைக் கண்ணால் பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவேன் என்று பெருமைப்பட்டவள் நான். இப்போது யார் மேல் சிவப்பைக் கண்டாலும், கேமராவைக் கீழே வைத்துவிட்டு முதலில் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன், சில்லென்று இருந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.