மாமன் மடியும் நூறு கிலோமீட்டரும்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நம்பர் தாள் ஒட்டியிருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் நெஞ்சில் குத்திக்கொள்கிற தாள். லேசில் கிழியாத ரகம்தான். ஆனாலும் கீழ் மூலை கசங்கி, நைந்து, பல் பதிந்து கிடக்கிறது. வருகிறவர்கள் எலி கடித்ததா என்று கேட்பார்கள். கடித்தது என் மகள். அப்போது அவளுக்கு முன்பல் மட்டும்தான் முளைத்திருந்தது. தாள் என் மச்சானுடையது. நான் மாய்ந்து மாய்ந்து ஓடி வாங்கிய மெடல்களெல்லாம் பீரோவுக்குள் கிடக்க, அவருடைய தாளுக்கு மட்டும் கூடத்தில் இடம். என்ன அநியாயம் பாருங்கள்!

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். செஞ்சிக் கடைத்தெருவில் அவருக்கு உரக்கடை, எனக்கு மருந்துக்கடை. இருவருமே விடியற்காலையில் கோட்டைப் பக்கம் ஓடுகிறவர்கள். ஆனால் சேர்ந்து ஓடமாட்டோம். நான் மாரத்தான்காரன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், கையில் கடிகாரம் கட்டாமல் வாசலைத் தாண்டமாட்டேன். அவர் அல்ட்ரா, அதாவது மாரத்தானையும் தாண்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் என்று போகிற இனம். கடிகாரமே கட்டமாட்டார். மேடு வந்தால் நடப்பார், பசித்தால் உட்கார்ந்து சாப்பிடுவார், தெரிந்த விவசாயி எதிரே வந்தால் நின்று பயிர் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “நடக்கறதுக்கும் மெடல் தர்றாங்களா மச்சான்?” என்று கேட்பேன். அவர் விடுவாரா? “உங்களுது மட்டும் ஓட்டமா மாப்ள? கடைசி பஸ்ஸ புடிக்கறவன்கூட அப்டித்தான் ஓடறான். வழியில இன்னா இருந்துதுன்னு கேட்டா உங்களுக்கு சொல்லத் தெரியுமா?” விருந்துகளில் சொந்தக்காரர்கள் இலையை மறந்து எங்கள் சண்டையைக் கேட்பார்கள். மாமன் மச்சான் கேலிதான். ஆனால் உள்ளுக்குள் நான் அவரைச் சோம்பேறி என்றும், அவர் என்னை அரைகுறை என்றும் நினைத்தது நிஜம்.

மகளுக்குக் காது குத்த நாள் குறித்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். என் மனைவிக்கோ ஒரே அண்ணன். மழையால் தள்ளிப்போன அவருடைய நூறு கிலோமீட்டர் ஓட்டம், விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் தொடங்கி விழா நாள் காலையில் செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் முடிவதாக வந்து வாய்த்தது. முந்தைய முறை எண்பதைத் தாண்டிய பிறகு கால் பிடித்துக்கொண்டு பாதியில் விட்டவர் அவர். இந்த முறையும் விட மனசு வருமா? “முகூர்த்தத்துக்குள்ள வந்துடுவேன்” என்று தங்கை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாள் விடியும்போது என் மனைவி பைக் சாவியை என்னிடம் நீட்டினாள். “அண்ணன் மடி இல்லாம என் புள்ளைக்குக் காது குத்த வுடமாட்டேன். போயி ஏத்திக்கினு வந்துடுங்க” என்றாள்.

பனமலை ஏரிக்கரையில் அவரைப் பிடித்தேன். செஞ்சிக்கு இன்னும் அரை மாரத்தான் தூரம் இருந்தது. மனிதர் கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார். “கொக்கு எறங்குது பாருங்க மாப்ள” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பந்தயத்தின் நடுவே கொக்கு! “காது குத்தற ஆசாரி வந்துட்டாரு. வண்டியில ஏறுங்க” என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றது.

“போன தபா வண்டியிலதான் ஏறினேன். ரொம்ப நாளு சரியா தூக்கம் வரல மாப்ள.”

ஓடுகிற எவனிடமும் இதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் வாதம் கிடையாது. பைக்கை டீக்கடையில் விட்டேன். கடைசிப் பகுதியில் துணைக்கு ஒருவர் ஓடலாம் என்று பந்தய விதியே இருந்தது.

மேட்டில் அவர் நடந்தார். நானும் நடந்தேன். ஓட்டத்தின் நடுவே நான் நடந்தது அதுதான் முதல் தடவை, மானமே போயிற்று. அவர் கொடுத்த கிழங்கையும் தின்றேன். அருமையாக இருந்தது, அவரிடம் சொல்லவில்லை. கோட்டை மலையான ராஜகிரியின் உச்சி கண்ணில் பட்டபோது, “மணி இன்னா மாப்ள?” என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஓடும்போது அவர் மணி கேட்டதே இல்லை. கணக்குப் போட்டேன், இப்படியே போனால் முகூர்த்தம் தப்பிவிடும். “இனிமே நடக்கக் கூடாது மச்சான். என் முதுகையே பாத்துக்கினு வாங்க” என்று முன்னால் ஓடினேன். வந்தார். அந்த நூறு கிலோமீட்டர்காரர் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு, “இதையா தெனம் பண்றீங்க? இது ஓட்டமில்ல மாப்ள, கொலை!” என்று கத்தினார். வாய் திட்டியதே தவிர கால் நிற்கவில்லை.

கோட்டை அடிவாரத்தில் பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டினார். மெடலுக்கும் நிற்காமல், வியர்வையும் புழுதியுமாகப் பக்கத்திலிருந்த எங்கள் குலதெய்வக் கோயிலுக்குள் நுழைந்தோம். முகூர்த்தம் முடியவில்லை. அப்பாடா என்று நினைத்தேன். அங்கேதான் வினை. மணையில் சம்மணம் போட்டு உட்காரவேண்டும். அவருக்கு முட்டி மடங்கவில்லை! இரண்டு பேர் தாங்கி இறக்கினால் தொடை துடிக்கிறது, மனிதர் அலறுகிறார். நாற்காலி போடுங்கள் என்றது ஒரு கூட்டம், மணையில்தான் உட்காரவேண்டும் என்றது இன்னொன்று. என் மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காலை நீட்டிக்கினே உக்காருண்ணா. உன் மடி இருந்தா போதும்” என்றாள். நீட்டி உட்கார்ந்தால் முதுகு நிற்காமல் பின்னால் சாய்ந்தார். ஓடிப்போய் அவருக்குப் பின்னால், முதுகோடு முதுகாக நான் உட்கார்ந்தேன்.

அதனால் என் மகளுக்குக் காது குத்தியதை நான் பார்க்கவே இல்லை, கேட்டதோடு சரி. முதல் காதுக்கு ஊரே கேட்கிற மாதிரி வீறிட்டாள். இரண்டாவதுக்குச் சத்தம் அமுங்கி வந்தது. திரும்பிப் பார்த்தால், மாமன் நெஞ்சிலிருந்த நம்பர் தாளைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். என் முதுகில் அவர் முதுகு குலுங்கியது. அழுதது குழந்தை மட்டுமல்ல என்று தெரிந்தது. “முடிச்சிட்டீங்க மச்சான்” என்றேன்.

அதன் பிறகும் கேலி நிற்கவில்லை. அவர் அவர் பாட்டுக்கு, நான் என் பாட்டுக்கு. இப்போது மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவள் ஓடுவது நூறு மீட்டர். போன மாதம் பள்ளி விளையாட்டு விழாவில், ஓடுவதற்கு முன் ஜிமிக்கிகளைக் கழற்றி மாமனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள். விசில் கேட்டது. “எந்தக் கோட்டுல ஓடறா?” என்று மச்சான் தேடுவதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. இரண்டாவதாக வந்திருந்தாள். “இவ்ளோதானா ஓட்டம்?” என்றார் மச்சான். “உங்க ரெண்டு பேருக்கும் வேகமா ஓட வராது மாமா. அதான் அவ்ளோ தூரம் போறீங்க” என்றாள் அவள், ஜிமிக்கிக்குக் கையை நீட்டியபடி. ஆளுக்கொரு ஜிமிக்கியை அவள் கையில் வைத்தோம்.

சாயங்காலம் தன் நம்பர் தாளை ஃபிரிட்ஜ் கதவில், பல் பதிந்த அந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மச்சான் காபியைக் குடித்துக்கொண்டே இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

“மாப்ள, காலையில நானும் உங்ககூட வர்றேன். கடியாரத்த மட்டும் வூட்ல வெச்சிட்டு வாங்க” என்றார்.

“சரி மச்சான். நீங்க கெழங்க எடுத்துக்கினு வாங்க” என்றேன்.