நான் மலாயில் சொல்லாமல் விட்டது

களப்பயிற்சிக்குப் போவதற்கு முந்தைய வாரம், சமூகப்பணி மாணவர்களாகிய எங்களுக்கு ஒரு நடத்தை விதிக் கையேடு கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட வேண்டும். உடை பற்றிய பக்கமும் நேரம் பற்றிய பக்கமும்தான் என்னைப் பயமுறுத்தின. ஜொகூர் பாருவில் காலை எட்டு மணிக்குள் ஓரிடத்தில் போய் நிற்பதென்றால், சிங்கப்பூருக்குப் போகும் வண்டிகளின் வரிசையைத் தாண்டி வர வேண்டும். அதனால் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன். மூன்று பாஜு குரோங் தைத்து, இஸ்திரி போட்டு மாட்டி வைத்தேன். உதவி கேட்டு வருபவர் சொல்வதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தக் கையேட்டில் ஒரு வரி இருந்தது. இதையெல்லாம் யார் மீறப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு இடம் கிடைத்தது ஒரு மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில். என்னை மேற்பார்வையிட்டவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. எல்லோரும் அவரைப் புவான், அதாவது மேடம், என்றுதான் அழைப்போம். அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். வார்டில் தமிழ் மட்டும் சரளமாகப் பேசும் நோயாளியோ உறவினரோ இருந்தால், புவான் தன் கோப்பை எடுத்துக்கொண்டு "வா, போகலாம்" என்று என்னைக் கூப்பிடுவார். அவர் பின்னால் வேகமாக நடந்து போவதில் எனக்குப் பெருமை இருந்தது. மொழிபெயர்ப்பும் ஒரு வேலை, அதற்கும் பயிற்சி வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மொழியும் தெரியும், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. செடெனாக் பக்கம் வீடு. லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. அவருடைய மனைவிக்கு ஐம்பது வயதுக்கு உள்ளாகத்தான் இருக்கும். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரே மகன் சிங்கப்பூரில் இருந்தான், அப்பாவோடு பேசுவதில்லை. வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு எழுதுவதற்காகப் புவானும் நானும் போனோம்.

வார்டுக்கு வெளியே, நடைபாதை நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பார்வையாளர் நேரம். எதிரே ஒரு தமிழ்க் குடும்பம் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தது. கணவரை வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று புவான் மலாயில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் பேச ஆரம்பித்தார்.

"இருபத்தாறு வருஷம் இந்த ஆளுகிட்ட அடி வாங்கியிருக்கேன்மா. இந்தக் கை ஒடஞ்சப்ப, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு இதே ஆஸ்பத்திரிலதான் சொன்னேன். பையன் அதனாலதான் வீட்ட விட்டுப் போனான். இப்ப இவரு படுத்துட்டாரு. கூட்டிட்டுப் போக எனக்கு இஷ்டம் இல்ல. பக்கத்துல போனாலே ஒடம்பு நடுங்குது. வேற எங்கயாச்சும் வெச்சுப் பாத்துக்க முடியுமான்னு புவான்கிட்ட கேளும்மா."

அவர் பேசப் பேச எதிரே இருந்த குடும்பம் அமைதியாகிவிட்டது. அவர்கள் காதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. புவான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அந்த நிமிஷத்தில் என் மனதில் ஓடியதை நேர்மையாகச் சொல்லப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி நான் நினைக்கவில்லை. என் வகுப்பறையை நினைத்தேன். குடி, குண்டர் கும்பல், வீட்டில் அடிதடி என்று எந்தப் பாடம் வந்தாலும், திரையில் இந்தியச் சமூகம் என்ற சொல் தெரிந்ததும் நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பும். "உங்க ஆளுங்க ஏன் இப்படி?" என்று ஒரு தோழி ஒருமுறை சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். இப்போது நானே என் வாயால், மலாயில், இன்னொரு தமிழன் பெண்டாட்டியின் கையை உடைத்தான் என்று சொல்ல வேண்டும். அது கோப்பில் ஏறும். புவான் அலுவலகத்துக்குப் போய், பாவம், இந்தியக் குடும்பம், வழக்கமான கதைதான் என்று யாரிடமாவது சொல்வார்.

"அவங்க கவலைப்படுறாங்க, புவான்," என்று மலாயில் சொன்னேன். "தனியா பாத்துக்க முடியுமான்னு பயமா இருக்காம்."

புவான் எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணின் முழங்கையைத் தொட்டு, தாதிகள் எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள், பயப்பட வேண்டாம் என்றார். அந்தப் பெண் என்னையும் புவானையும் மாறி மாறிப் பார்த்தார். நான் புவான் சொன்னதை மட்டும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டினார். இரண்டு நாட்களில் கணவரை ஆம்புலன்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான்கு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனோம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு, வாசலில் துடைப்பத்தால் பெருக்கிய அடையாளம் இருந்தது. உள்ளே நுழைந்ததும் வாடை அடித்தது. கூடத்தில் மெத்தை மேல் அவர் படுத்திருந்தார். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டு, ஸ்பூன், ஸ்ட்ரா போட்ட தண்ணீர். புவான் கையுறையைப் போட்டுக்கொண்டு அவரை மெதுவாகத் திருப்பினார். இடுப்பிலும் முதுகின் அடியிலும் புண். ஒன்று என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. அவர் முனகினார். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

"இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும்னு சொல்லித்தானே அனுப்பினோம்?" புவானின் குரல் உயர்ந்திருந்தது. "முடியலன்னா ஏன் எங்ககிட்ட சொல்லல? கேளு."

நான் கேட்டேன். அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"மூணு வேளையும் சோறு ஊட்டிட்டுத்தான்மா போறேன், வரேன். தொட முடியல. ஒரு நாள் துணி மாத்தப் போனேன், நல்லா இருக்குற கையால முடியப் புடிச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் பக்கத்துல போக முடியல." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஏன் சொல்லலன்னா கேக்குறாங்க? நீயே சொல்லும்மா."

இரண்டாவது முறையும் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. புவான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். "என்ன சொன்னாங்க?" என்றார்.

"என்ன செய்யறதுன்னு தெரியலயாம், புவான்."

அந்தப் பெண் உள்ளே போய்விட்டார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு, அது வந்து அவரை ஏற்றும் வரை இருந்துவிட்டுத் திரும்பினோம். காரைப் புவான் ஓட்டினார். கூலாய் தாண்டியதும், அந்த மனைவி மேல் புறக்கணிப்பு என்று அறிக்கை எழுதப் போவதாகச் சொன்னார். தேவைப்பட்டால் போலீசுக்கும் போகுமாம். "எனக்கு இஷ்டம் இல்லைதான். ஆனா கேட்டப்ப முடியாதுன்னு அந்த அம்மா ஒரு வார்த்த சொல்லலையே," என்றார்.

அப்போதுதான் என்னால் மறைக்க முடியாமல் போயிற்று. விதி நினைவுக்கு வந்ததனாலோ துணிச்சல் வந்ததனாலோ சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பயத்தில்தான் சொன்னேன். ஒரு பெண் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து, நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே என்று விரலை நீட்டும் காட்சி கண்ணுக்குள் வந்தது.

"புவான், அவங்க சொன்னாங்க. வார்டுலயே சொன்னாங்க. நான்தான் சொல்லல."

அவர் வண்டியை ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் திருப்பி நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

"அன்னைக்கு அவங்க அஞ்சு நிமிஷம் பேசினாங்க," என்றார் கடைசியில். "நீ ஒரு வரி சொன்ன. நான் கவனிச்சேன். கட்டில் காலி பண்ணச் சொல்லி வார்டுல நெருக்கிட்டு இருந்தாங்க. சரி, தமிழ் நீளமான மொழி போலன்னு விட்டுட்டேன்." சிரிப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. கோப்பில் இருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். "எழுது. இப்பவே. கையெழுத்தும் போடு."

மடியில் வைத்து எழுதினேன். இந்த முறை எதையும் விடவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. புறக்கணிப்பு அறிக்கை நின்றது. கணவர் தேறியதும், அவரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். என்னைப் பல்கலைக்கழகத்துக்கு வரச் சொன்னார்கள். குளிர்சாதன அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து ஒரு தமிழ்த் தாதி போய் அந்தப் பெண்ணிடம் மறுபடி பேசினாராம். முடியவில்லை, வேலைக்குப் போகிறேன் என்பதைத் தவிர அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லையாம். "அடி, கை உடைந்தது, இதையெல்லாம் அவர் சொன்னார் என்பது உனக்கு நிச்சயமா?" என்று கேட்டார்கள். நிச்சயம் என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த குடும்பம் யாரென்று எனக்குத் தெரியாது, நான் மட்டும்தான் சாட்சி. அந்தச் சாட்சியை யார் நம்புவார்கள் என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது.

களப்பயிற்சியில் தோல்வி என்று போட்டு, ஒரு பருவம் திரும்பச் செய்யச் சொன்னார்கள். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க அனுமதி கேட்டேன். என் விரிவுரையாளர் மறுத்துவிட்டார். "மன்னிப்பு கேட்டா உனக்கு லேசாயிடும். அவங்களுக்கு என்ன கிடைக்கும்? அவங்க வீட்டுக் கதவ நீ இனிமே தட்டக் கூடாது," என்றார். அதற்கும் ஒரு விதி கையேட்டில் இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. அம்மா காய்கறி நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"நீ பண்ணதுல என்னடி தப்பு? புருஷன் பொண்டாட்டி சங்கதிய ஊரான் முன்னாடி சொல்லணுமா? நல்ல வேளை, மறச்ச."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அம்மா சொன்னதைத்தான் நான் அந்த நடைபாதையில் செய்திருந்தேன்.

இரண்டு வருடம் போயிற்று. பயிற்சியைத் திரும்பச் செய்து, பட்டமும் வாங்கி, வேலையிலும் சேர்ந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூலாய் சந்தையில் மீன் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். "அலமாக், அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுதானே நீ?" என்று பின்னால் ஒரு குரல்.

அவர்தான். கொஞ்சம் பருத்திருந்தார். முடியை வெட்டியிருந்தார். கணவர் இறந்து ஆறு மாதம் ஆகிறது என்றார். மகன் காரியத்துக்கு வந்தானாம், இப்போது மாதம் ஒருமுறை வருகிறானாம்.

"ஆன்ட்டி, அன்னைக்கு நீங்க சொன்னத நான் புவான்கிட்ட சொல்லல. மன்னிச்சிருங்க."

"தெரியுமே," என்றார். "மீன் வாங்குற மலாய் எனக்கும் தெரியும்லா. நான் அவ்வளவு பேசுறேன், நீ ரெண்டு வார்த்த சொல்ற. சரி, படிச்ச பிள்ள, இதெல்லாம் சொல்லக் கூடாத விஷயம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு நர்ஸ் வந்து கேட்டாங்க. சொல்லல. அவங்களும் அப்படித்தானே நெனப்பாங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. விலை கேட்பது போல, இயல்பாகச் சொன்னார்.

"அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யார்கிட்ட சொல்றது?"

மீன்காரர் அவருடைய கெம்போங் மீனைப் பையில் போட்டு நீட்டினார். தலையைத் தனியாக வெட்டித் தரவில்லை என்று அந்தப் பெண் அவரிடம் மலாயில் சண்டை போட்டார். வெகு தெளிவான மலாய். பிறகு என் தோளைத் தட்டி, "ஒடம்பப் பாத்துக்க, இளச்சிட்ட," என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். நான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

என் தவறால் நான்கு வாரத் தாமதம் ஏற்பட்டது என்று பல்கலைக்கழகத்தின் அந்த மூவர் குழுவிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர்களும் அப்படியே பதிவு செய்துகொண்டார்கள். என்னிடம் சொன்னதை அவர் அதற்குப் பிறகு வேறு யாரிடமும் சொல்லவே இல்லை என்பது அந்தத் தாளில் இல்லை, அதைத் திருத்தி எழுத எனக்கு இனி இடமும் இல்லை. மீன் வாங்காமலே திரும்பி, வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் அந்தச் சந்தையை இரண்டு முறை சுற்றினேன்.