வேலிக்கு அந்தப் பக்கம்

லண்டனில் மகள் என்னைச் சீனச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். சிவப்புச் சாயம் பூசிய இனிப்புக் கோழி வந்தது. நான் வளர்ந்த இடத்தில் எந்தச் சீனர் வீட்டிலும் இதைப் பார்த்ததில்லை. சமையலறைக் கதவு திறந்தபோது, உள்ளே வேலையாட்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். உப்பில் ஊறிய முள்ளங்கி மணந்தது.

மலாயாவில், பெம்பானில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்குப் பின்னால் தோட்டம் போட்டிருந்த சீனப் பெண்ணை எல்லோரும் ஆ சோ என்போம். எனக்குக் காய்ச்சல் வந்தால் இதே கஞ்சியும் முள்ளங்கியும் கொண்டுவருவாள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டையிட்ட அவசரகாலத்தில், ஆ சோவோடு மற்றச் சீனர்களையும் லோரியில் ஏற்றி, முள்வேலி போட்ட புதுக் கம்பத்துக் குடியிருப்பில் குடிவைத்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அம்மா தூக்குச்சட்டியில் கஞ்சியோடு என்னையும் கூட்டிப் போனாள்.

வேலி வாசலில் எங்கள் எஸ்டேட் பையன்தான் காவல்.

"அரிசிச் சாமான் ரோட்டுல கொண்டு வரக் கூடாதுலா அக்கா. காட்டுல இருக்கிறவங்களுக்குப் போயிடும்."

"நோயாளிக்குத் தம்பி. கொஞ்சூண்டு கஞ்சிதான்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கஞ்சியை மண்ணில் கவிழ்த்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த ஆ சோ, எப்போதும் போலவே என்னிடம் மலாயில் கேட்டாள், சாப்பிட்டாயா என்று.

"சூடா மாக்கான்?"

நான் அதே பானைக் கஞ்சியைத்தான் வயிறாரக் குடித்துவிட்டுப் போயிருந்தேன்.

"சாப்பிடும்மா, ஆறிடப் போகுது," என்று மகள் தட்டை நகர்த்தினாள்.

சமையலறைக் கதவு மூடியிருந்தது.