பொட்டு வைத்த சிந்தசைசர்

அண்ணன் இறந்து மூன்று மாதமாகிறது. காரைக்குடி பழைய சாமான் கடைக்காரர் விலைக்கு எடுக்க வீட்டுக்கு வந்து, அண்ணன் வாசித்த மின்னணு இசைப்பெட்டியான சிந்தசைசரை ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். மூன்று கட்டைகளில் சத்தம் வரவில்லை. அவற்றின் இடுக்கில் மஞ்சள் கறை.

அந்தக் கறை படிந்தபோது எனக்கு ஒன்பது வயது. பெங்களூரில் நியூ வேவ் என்ற மேற்கத்திய பாணி இசைக்குழு வைத்திருந்த அண்ணன் ஆயுத பூசைக்கு வந்திருந்தார். எங்கள் ஆத்தா அரிவாள்மனை, தையல் மெஷின் என்று வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். அண்ணனின் கிடாருக்கு ஒன்று வைத்தார். சிந்தசைசருக்கு மட்டும் கட்டைக்கு ஒன்று, நீர்க்கக் கரைத்த சந்தனத்தில்.

மறுநாள் வாசித்தபோது மூன்று கட்டைகள் பேசவில்லை.

"பிள்ளைக்குச் சோறு போடுற பொட்டியாச்சேன்னு வச்சேன்ப்பா" என்றார் ஆத்தா.

"விடு ஆத்தா, அந்த மூணும் இல்லாமயே வாசிச்சுக்கிறேன்."

கடைசிவரை அப்படித்தான் வாசித்தார். ஆத்தா போன பிறகும் அதைப் பழுதுபார்க்க யாரையும் தொடவிடவில்லை.

கடைக்காரர் பெட்ரோல் நனைத்த துணியால் கட்டைகளைத் தேய்த்தார்.

"கறை போயிருச்சு, பாத்தீகளா?"

"ஆமா" என்றேன். பக்கத்தில் விற்க வைத்திருந்த அண்ணனின் கிடாரின் தலையிலும் ஆத்தா வைத்த பொட்டு மஞ்சள் வட்டமாகக் காய்ந்திருந்தது.

"இதையும் தொடச்சிருங்க" என்று நானே எடுத்து நீட்டினேன்.