நெடுந்தீவில் நான் கட்டிய வேலி

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் அவளுடைய தம்பியையும் நெடுந்தீவு காட்டக் கூட்டிப்போனேன். பக்கத்துப் புங்குடுதீவில் பிறந்து நாற்பது வயது கடந்தும் அதுவரை நெடுந்தீவில் நான் கால்வைத்ததில்லை. அதற்காக விளக்கம் சொல்லாமல் இருக்க முடியுமா? கோட்டையின் முன்னால் நின்று, "இந்தக் கல்லெல்லாம் ஒல்லாந்தர் கப்பலிலை கொண்டு வந்தது" என்றேன். மைத்துனன் பக்தியோடு தலையாட்டினான்.

ஒல்லாந்தர் கட்டிய புறாக்கூடு பார்த்து, பெருக்கமரப் பொந்துக்குள் மூவரும் நின்று சிரித்து, இறங்குதுறைக்குத் திரும்பினோம். மூன்று மணிக்குப் புறப்படும் மோட்டார்ப் படகை, லோஞ்சை, விட்டால் அன்றைக்கு வேறு இல்லை. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மறுநாள் காலை வகுப்பில் நிற்க வேண்டும்.

வழியில் ஒரு குதிரை நின்றது. என் நெஞ்சளவு உயரம்தான். அது என்னைப் பார்த்துத் தும்மியது. அடுத்த கணம் நான் பக்கத்துக் கல்வேலியின் உச்சியில் இருந்தேன். சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக் கற்கள், அந்தத் தீவுக் கரையிலேயே கிடைக்கும் பவளப்பாறைத் துண்டுகள். வேலியும் நானும் சேர்ந்தே ஒரு வீட்டு வளவுக்குள் இறங்கினோம்.

வீட்டுக்காரப் பெண் ஓடிவந்தாள்.

"அண்ணை, உள்ளை வாறதுக்குப் பத்தடி தள்ளிக் கடப்பு இருக்கெல்லோ? கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"குதிரை கலைச்சுக்கொண்டு வந்தது, தங்கச்சி."

அவள் எட்டிப் பார்த்தாள். "அதுவோ? அதுக்கு வயித்திலை குட்டி. நடக்கவே பஞ்சிப்படும்."

மன்னிப்புக் கேட்டுவிட்டு நழுவப் பார்த்தேன்.

"எங்கை போறியள்? மாடு பூந்தால் என்ரை மிளகாய்க்கண்டு முழுக்கப் போச்சு. ஆர் விழுத்தினதோ அவைதான் அடுக்கோணும்."

அடுக்கினேன். அவள் ஒரு விரலால் தள்ளினாள். விழுந்தது.

"மேற்கல்லு கீழை ரண்டிலையும் குந்தோணும். இடைக்குள்ளை சின்னன் வையுங்கோ."

அப்போதுதான் கற்களை உற்றுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பூப்பூவாகத் துளைகள். கோட்டைச் சுவரில் கண்ட அதே பூக்கள். மைத்துனன் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பணிவாகக் கேட்டான்:

"அத்தான், இதுவும் கப்பலிலை வந்ததோ?"

பதில் சொல்லுமுன் துறையில் லோஞ்ச் ஊதியது. "தம்பி, ஓடிப்போய் மறி!" என்று மனைவி அவனைத் துரத்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு குந்தினாள். நான் நாலு கல் வைப்பதற்குள் அவள் பத்து வைத்தாள். வீட்டுக்காரி முழங்கையால் இடித்தாள். பிறகு முதுகைக் கொடுத்துச் சாய்ந்தாள். வேலி அசையவில்லை.

"ஓம், இனிப் போங்கோ. கடப்பாலை போங்கோ."

மூச்சு வாங்கத் துறைக்கு ஓடினோம். லோஞ்ச் நின்றது. மைத்துனன் கதையை அவிழ்த்துவிட்டிருந்தான். உள்ளே இருந்த அத்தனை முகத்திலும் பல் தெரிந்தது. லோஞ்ச் ஓட்டி மட்டும் சிரிக்காமல் வழியை மறித்து நின்றார்.

"அடுக்கிப்போட்டோ வாறியள்?"

"ஓம், அண்ணை."

"அவ தள்ளிப் பாத்தவவோ?"

"சாய்ஞ்சே பாத்தவ."

"விழேல்லையே?"

"விழேல்லை."

"அப்ப ஏறுங்கோ" என்று கயிற்றை அவிழ்த்தார்.