பீலிக்குள் எள்ளுச் சோறு

என் அண்ணன் ஞானசேகரத்துக்கு அருவருப்பு கூட. இத்தாலியில், பலேர்மோவில் பதினெட்டு வருசமாக அடுத்தவர் வீட்டுக் கழிவறை கழுவுகிற மனிசன், புறாவைக் கண்டால் மட்டும் காறித் துப்புவார்.

அங்கே கபோ பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் இருக்கிறோம். மொட்டை மாடியை ஒட்டிய ஓட்டு விளிம்பில், மழைத் தண்ணீர் வடிய ஒரு தகரப் பீலி. அது அடைத்தால் மழைத் தண்ணீர் ஓட்டுக்கடியால் திரும்பி எங்கள் கட்டிலுக்கு மேல் ஒழுகும். போன வருசம் ஒழுகியது. இன்னொரு தரம் ஒழுகினால் வேறு வீடு பாருங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணி வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் சமைக்கிறார்.

அண்ணன் கண்டுபிடித்த ஒரே குற்றவாளி கீழ்மாடி சிஞ்ஞோரா. அந்த இத்தாலியக் கிழவி மொட்டை மாடியில் புறாவுக்குப் பாண் ரொட்டியைப் பிய்த்துப் போடுவாள்.

"பீயும் இறகுமாய் பீலியை அடைக்கிறது அவள்தான். சீ, இதுகளும் மனிசரே!"

வீட்டுக்காரரின் காதிலும் அண்ணன் இதைப் போட்டு வைத்தார்.

புரட்டாதிக் கடைசிச் சனி ஆலங்கட்டி மழை கொட்டியது. பீலி நிறையக் கட்டி. உருகிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் நேரே எங்கள் மெத்தைக்கு வந்தது. மழை விட்டதும் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடியில் தூர நின்றார். சிஞ்ஞோரா தானாகவே ஒரு வாளி கொண்டுவந்து பிடித்தாள்.

பீலித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் கை விட்டு அண்ணன் அள்ளிப் போட்டது புளித்து நாறும் சோறு. அதில் கறுப்புக் கறுப்பாய் எள். நாலு சனியாகச் சனீஸ்வர விரதச் சோற்றை ஓட்டு விளிம்பில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டுவிட்டு, வராத காகத்தைத் திரும்பியும் பாராமல் சாப்பிடப் போனவர் அண்ணன்தான்.

"அண்ணை, இது எங்கட..."

"வாயைப் பொத்தடா."

என்ன அது என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பாண்," என்றார் அண்ணன் இத்தாலி மொழியில். "எல்லாம் பாண்."

சிஞ்ஞோரா வாளிக்குள் பார்த்தாள். சோறு எது, பாண் எது என்று அவளுக்குத் தெரியாதா? நனைந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற அண்ணியையும் பார்த்தாள். பிறகு, இனிப் புறாவுக்குப் போட வரமாட்டேன் என்று மொட்டை மாடிச் சாவியை வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

வீடு தப்பியது. அண்ணன் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். அவர் அந்தக் கையால் சோறு பிசைவதைப் பார்க்க எனக்குக் குமட்டியது. பக்கத்தில் இருந்து நானும் சாப்பிட்டேன்.